வாசலுக்கு வரும் இலவசம், தேடிப் போகும் இலவசம்

சிறுகடை நடத்துகிறவருக்குக் கணினி உதவி காசில்லாமல் கிடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேட்காமலே கடை வாசலுக்கு வருவது. கம்ப்யூட்டர் சர்வீஸ் நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, “ஒரு தடவை எல்லா சிஸ்டத்தையும் செக் பண்ணிக் குடுக்கறோம், பணம் எதுவும் வேண்டாம்” என்பார். பில்லிங் மென்பொருள் விற்பவர் ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பார்க்கச் சொல்வார். இணையதளம் அமைத்துத் தருபவர் முதல் ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் வாங்க மாட்டார். மற்றொன்று, நாமாகத் தேடிப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஜிஎஸ்டி வலைத்தளம் வழியாகக் கிடைக்கும் கணக்கு மென்பொருள், மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தரும் வைரஸ் நீக்கும் கருவிகள், லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் எல்லாம் இந்த வகை.

விலை இரண்டிலும் ஒன்றே. ஆனால் கணினி படுத்துவிட்ட நாளில் யார் வந்து நிற்பார்கள், கடையின் பாஸ்வேர்டுகள் யார் கையில் இருக்கும் என்று இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்த்தால், ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. கடைக்காரர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கணினி விஷயம் தெரிந்தவர்களோ இரண்டாவதை மட்டும் கேட்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்காமல் இந்த விஷயத்தில் முடிவுக்கு வர முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் வாசலுக்கு வரும் இலவசத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் ஓர் இரும்புக்கடை. தேதி 11, மாலை ஏழு மணி. போன மாத விற்பனைக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மறுபடி மறுபடி கூப்பிட்டு விற்பனைக் கோப்பைக் கேட்கிறார்கள். பில்லிங் மென்பொருள் திறக்க மாட்டேன் என்கிறது. கல்லாவில் இருக்கும் அண்ணாச்சி, அதை விற்ற இடத்துக்குப் போன் போடுகிறார். எடுத்தது சர்வீஸ் பையன்.

“அண்ணாச்சி, எனிடெஸ்கைத் திறங்க. மேல தெரியுற நம்பரை மட்டும் வாசிங்க.”

“ஒம்போது... நாலு... இரு தம்பி, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன்.”

எண்ணை வாசித்து முடித்ததும், உள்ளே வர அனுமதி கேட்டுத் திரையில் ஒரு கட்டம் வருகிறது. அண்ணாச்சி அழுத்துகிறார். அம்புக்குறி தானாக நகர்ந்து எங்கோ ஒரு கோப்புறைக்குள் போகிறது. முந்தின நாள் பேக்கப்பை எடுத்துக் கெட்டுப்போன கோப்பின் இடத்தில் வைக்கிறது. அன்றைக்குப் போட்ட பில்களை மட்டும் அச்சான நகலைப் பார்த்து மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டுப் பையன் வெளியேறுகிறான். போன மாதக் கோப்பு கொஞ்ச நேரத்தில் ஆடிட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. எவ்வளவு என்று கேட்டதற்கு, “மொத வருசம் ஃப்ரீ சப்போர்ட்டுதான அண்ணாச்சி” என்றான்.

அந்தக் கால் மணி நேர வேலைக்கு எந்த அரசு வலைத்தளமும் ஈடாகாது. தாக்கல் தவறியிருந்தால் அந்த பில்கள் வாங்கியவர்களின் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அந்த மாதம் ஏறியிருக்காது. அவர்களுக்கு உள்ளீட்டு வரி வரவு தள்ளிப் போயிருக்கும். ஒவ்வொருவராகப் போன் செய்து சத்தம் போட்டிருப்பார்கள். பையன் தமிழில் பேசினான். அந்தக் கடையின் பேக்கப் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சிறுவணிகருக்கு வேண்டியது இப்படி ஓர் ஆள்தான். இதைப் புரிந்துகொள்ளாமல், ‘எல்லாம் வியாபாரத் தந்திரம்’ என்று ஒதுக்கிவிடும் கணினி அறிஞர்கள் கடைக்குள் நின்று பார்த்ததில்லை.

ஆனால் அதே காட்சியில் இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எண் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாமே என்று, எந்த நேரமும் உள்ளே வரும்படி ஒரு நிலையான பாஸ்வேர்டைப் பல சர்வீஸ்காரர்கள் போட்டு வைத்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். அடுத்த வருடம் அந்தப் பையன் வேறு வேலைக்குப் போகிறான். பாஸ்வேர்டு பழைய அலுவலகத்தின் நோட்டில் கிடக்கிறது. கடைக் கணினி ராத்திரி பகலாகத் திறந்தே இருக்கிறது. போனில் கேட்கிற குரலை நம்பி எண்ணை வாசிக்கும் பழக்கமும் ஆபத்தானது. இதே எனிடெஸ்க் வழியாக மோசடிக்காரர்கள் போனுக்குள் புகுந்து யுபிஐ கணக்கைத் துடைப்பதாக 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரிக்க வேண்டி வந்தது. உண்மையான சர்வீஸ்காரரும் போலி ஆளும் கேட்பது ஒரே எண்ணைத்தான். அண்ணாச்சிக்கு இருவரையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, முதலில் போன் போட்டது யார் என்று பார்ப்பது. நாம் கூப்பிட்டால் ஒன்று, நம்மைக் கூப்பிட்டால் வேறு.

சாவி பிறர் கைக்குப் போகும் வழிகளில் இது சின்னது. பெரியது, பதிவுகள். இணையதளம் இலவசமாகச் செய்து தருகிறவர், கடைப் பெயரிலான டொமைனைத் தன் மின்னஞ்சலில், தன் கணக்கில் பதிவு செய்துகொள்கிறார். சில ஆண்டுகள் கழித்து மனத்தாங்கல் வந்து வேறு ஆளிடம் மாற்றப் போனால், பெட்டிகளிலும் பைகளிலும் பில் தலைப்பிலும் அச்சடித்த முகவரி கடைக்காரருடையதாக இல்லை என்று தெரிகிறது. எனக்குத் தெரிந்த ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் கடைசியில் பெயருக்குப் பின்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்துப் புது முகவரி வாங்கிக்கொண்டார். பழைய முகவரிக்கு வந்த ஆர்டர்கள் போனது போனதுதான்.

இதைவிடக் கவலை தருவது ஜிஎஸ்டி பதிவு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த அவசரத்தில், கணக்கு எழுதுபவரோ பில்லிங் மென்பொருள்காரரோ உதவியாகவே பதிவு செய்து கொடுத்தார்கள். அப்போது கைபேசி எண், மின்னஞ்சல் கேட்ட இடத்தில் தங்களுடையதையே போட்டார்கள். ஓடிபி வந்தால் தாங்களே பார்த்துக்கொள்ளலாம், முதலாளியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற வசதிதான் காரணம். ஆனால் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு கடையின் பெயரில் ரிட்டர்ன் தாக்கல் செய்யலாம், பாஸ்வேர்டை மாற்றலாம். தன் கடையின் வரிக் கணக்குக்குள் தானே நுழைய முடியாத முதலாளிகள் நாட்டில் ஏராளம் இருந்ததால்தான், இதற்கென்றே ஒரு மீட்பு வழியை 2018இல் அரசு அறிவிக்க நேர்ந்தது.

பெரிய நிறுவனங்களின் இலவசத்திலும் இதே குணம் உண்டு. அங்கே விதி நடுவில் மாறும். சொந்த டொமைனில் மின்னஞ்சல் வைத்துக்கொள்ளக் கூகுள் 2006இல் இலவசமாக இடம் கொடுத்தது. 2012 டிசம்பரில் புதியவர்களுக்கு அதை நிறுத்தியது. ஏற்கெனவே இருந்தவர்களும் இனிப் பணம் கட்ட வேண்டும் என்று 2022 ஜனவரியில் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தனிப்பட்ட பயன்பாட்டுக்காரர்களுக்கு விலக்குக் கொடுத்தது. வணிகம் செய்கிறவர்களுக்குக் கொடுக்கவில்லை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தபோதும் இப்படித்தான். வீட்டுக் கணினிகளுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட்டுகளைக் காசில்லாமல் பெற மைக்ரோசாஃப்ட் வழி வைத்தது. நிறுவனங்களின் கணினிகளுக்குக் கட்டணம். எனிடெஸ்க் போலத் தொலைவிலிருந்து கணினிக்குள் வர உதவும் டீம்வியூவரும் தனிநபர் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். வணிகப் பயன்பாடு என்று அதற்குச் சந்தேகம் வந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும். சிறுகடை வீட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிறது. பழக்கத்தில் வீடு, விதிகளின்படி கம்பெனி. இலவசத் திட்டங்களின் சின்ன எழுத்து நிபந்தனைகளில் சிக்கிக்கொள்வது அதனால்தான்.

எல்லா வணிக இலவசமும் இப்படி என்று சொன்னால் அநியாயம். டேலியின் நிரந்தர உரிமம் வாங்கினால் முதலாண்டுச் சேவையான டிஎஸ்எஸ் அதோடு சேர்ந்தே வருகிறது. அது முடிந்து புதுப்பிக்காவிட்டால் புதிய பதிப்புகளும் இணையச் சேவைகளும் நின்றுபோகும். மென்பொருளும் நம் கணக்கும் நம் கணினியில் அப்படியே இருக்கும், வேலை செய்யும். இலவச காலம் முடிந்த மறுநாள் நம் கையில் என்ன மிஞ்சும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. சில மென்பொருள்களிலோ சோதனைக் காலம் முடிந்ததும் நாம் ஏற்றிய கணக்கையே பார்க்கத்தான் முடியும், வெளியே எடுக்க முடியாது.

‘இலவச செக்கப்’ பற்றி ஒரு வரி போதும். குறை கண்டுபிடிப்பவரே மருந்தும் விற்பதால், குறை இல்லை என்ற அறிக்கை வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இனி, தேடிப் போகும் இலவசம். இதன் பெரும் சிறப்பு, நம்மிடம் எதையும் கேட்காது என்பது. சைபர் ஸ்வச்தா கேந்திரா 2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் இதை நடத்துகிறது. நம் கணினியை நமக்குத் தெரியாமல் பிறர் இயக்கும் பாட்நெட் வகைத் தொற்றை நீக்கும் கருவிகளை இங்கே இறக்கிக்கொள்ளலாம். பென்டிரைவ் வழியாக வரும் தொல்லையைக் கட்டுப்படுத்த மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய யுஎஸ்பி பிரதிரோத் என்ற கருவியும் உண்டு. பில்லிங் கணினியில் ஊழியர்கள் படம் பார்க்கப் பென்டிரைவ் செருகும் கடைகளுக்கு இது அருமையான சாதனம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குக் கணக்கும் பில்லும் போடும் மென்பொருளை இலவசமாகத் தரும் ஏற்பாட்டை, ஜிஎஸ்டி வலைத்தளத்தை நடத்தும் ஜிஎஸ்டிஎன் 2019இல் செய்தது. உத்யம் பதிவுக்கும் கட்டணமே கிடையாது. ஆனாலும் அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் தனியார் தளங்களில் போய் விழுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

உலக அளவிலும் உண்டு. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினால், நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் பூட்டை உடைக்கும் கருவி இருக்கிறதா என்று தேடலாம். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது அது. எல்லாப் பூட்டுக்கும் அங்கே சாவி கிடையாது, சிலவற்றுக்கு உண்டு. கடையின் பல வருடக் கணக்கை மீட்க யாருக்கோ பணம் அனுப்புவதற்கு முன் அங்கே பார்க்காமல் இருப்பது தவறு.

இவ்வளவு இருந்தும் ஏன் பயன்படவில்லை? இதற்கு ‘வான்னக்ரை’யைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 2017 மே 12 அன்று உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய அந்தத் தாக்குதல் பிரிட்டனின் மருத்துவமனைகளைக்கூட நிலைகுலைய வைத்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. காசு கேட்கவில்லை. இரண்டு மாதம் அது இணையத்தில் இருந்தது; லட்சக்கணக்கான கணினிகளில் போட ஆள் இல்லை. மருந்து இலவசமாக இருந்தது, ஊசி போடத்தான் கை இல்லை. தேடிப் போகும் இலவசத்தின் குறை முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கிவிடுகிறது. சைபர் ஸ்வச்தா கேந்திராவின் பெயரைச் சொன்னால் நான் பேசிய கடைக்காரர்களின் முகத்தில் எந்த அடையாளமும் தெரியவில்லை. பெயர் தெரிந்தவரும் எந்தக் கருவியை இறக்குவது, தன் கணினி 32 பிட்டா 64 பிட்டா என்ற முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார். கடைசியில் அது பிளஸ் டூ படிக்கும் மகன் தலையில் விழும். அவனுக்குப் பரீட்சை இருக்கும்.

கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகின்றன. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரத்தின் விக்லக், தமிழில் எழுதியும் கற்பித்தும் வரும் கணியம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் எவ்வளவு கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித் தருவார்கள். 2010இல் பிறந்த லிப்ரே ஆபீஸைத் தமிழ் முகப்போடு நிறுவிக்கொள்ளலாம். கணக்குக்கு இந்தியாவிலேயே உருவான குனுகாத்தா இருக்கிறது. ஆனால் இவர்கள் வேலைக்குப் போய்விட்டு ஓய்வு நேரத்தில் உதவுகிறவர்கள். 11ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு அவர்களைக் கூப்பிட நமக்கு உரிமை இல்லை. பொதுச் சேவைகளில் உடனே போனை எடுக்கும் ஏற்பாடு என்றால் 1930 என்ற உதவி எண்ணைச் சொல்லலாம். இணைய மோசடியில் பணம் போனால் எவ்வளவு சீக்கிரம் அதற்குச் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு. அது பணம் போன பிறகு கூப்பிடும் எண். பில்லிங் மென்பொருள் திறக்காததற்கு அங்கே பதில் கிடையாது.

இந்த ஒப்பீட்டை ‘தனியார் எதிர் அரசு’ என்று சுருக்கிவிடக் கூடாது. அரசுத் தளத்தில் கிடைக்கும் வைரஸ் நீக்கிகளைச் செய்து கொடுத்தவை க்விக் ஹீல், சென்னையின் கே7 போன்ற தனியார் நிறுவனங்கள்தாம். ஜிஎஸ்டிஎன் ஏற்பாட்டில் வரும் கணக்கு மென்பொருளும் தனியார் செய்ததே. வான்னக்ரைக்கான அப்டேட்டைக் கொடுத்ததும் ஒரு நிறுவனம்தான். ஒரே நிறுவனம் ஒரு கையால் நிபந்தனையற்ற கருவியையும் மறு கையால் நிபந்தனையோடு கூடிய ஓராண்டு உதவியையும் தருகிறது. ஆக, யார் தருகிறார்கள் என்று பார்ப்பதில் பயனில்லை. வந்த உதவி ஒரு பொருளா, ஓர் ஆளா என்றுதான் பார்க்க வேண்டும். பொருள் என்றால், நம்பகமான இடத்திலிருந்து இலவசமாகவே வாங்கிக்கொள்ளலாம். பின்னால் கேட்க யாரும் வரப்போவதில்லை. ஆள் என்றால், அவருடைய நேரத்துக்கு யாரோ சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தச் சம்பளம் நம்மிடமிருந்து திரும்ப வர வேண்டும். அது அடுத்த ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தக் கட்டணமாக (ஏஎம்சி) நேராக வந்தால் நல்லது. நம் டொமைனையும் ஓடிபியையும் பிடித்துவைத்துக்கொண்டு, விட்டுப் போக முடியாதபடி செய்து வந்தால் கெட்டது.

என் முடிவு இதுதான்: கருவிகளை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்குப் பணம் கொடுங்கள். பணம் கொடுக்கிறவர்தான் நிபந்தனை போட முடியும். டொமைன் என் மின்னஞ்சலில் இருக்க வேண்டும், அட்மின் பாஸ்வேர்டு என் நோட்டில் இருக்க வேண்டும், தினசரி பேக்கப் இந்தக் கணினியில் ஒன்றும் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகும் ஹார்டு டிஸ்க்கில் ஒன்றுமாக இருக்க வேண்டும், நான் கூப்பிடும்போது மட்டும் உள்ளே வர வேண்டும், விலகினால் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கலாம். நேர்மையான சர்வீஸ்காரர் யாரும் இதற்கு மறுக்க மாட்டார். அண்ணாச்சி கடைப் பையனும் மறுக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். சைபர் ஸ்வச்தா கருவியைப் போடச் சொல்லி வேலை வாங்கவும் அவன்தான் சரியான ஆள். இரண்டு இலவசங்களும் சேர வேண்டிய இடம் அவன் கைதான்.

இரண்டும் சேர்ந்த மூன்றாவது வழி ஒன்று அமெரிக்காவில் நடந்துகொண்டிருக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2018இல் ஒரு ‘கிளினிக்’ தொடங்கினார்கள். மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில், பாடத்தின் ஒரு பகுதியாக, வசதியில்லாத பொதுநல அமைப்புகளின் கணினிப் பாதுகாப்பைச் சரிசெய்து கொடுக்கிறார்கள். பிறகு பல கல்லூரிகள் சேர்ந்து இதற்கொரு கூட்டமைப்பே வைத்துக்கொண்டன. லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தில் சிறுவணிகங்களுக்கே இப்படிச் செய்கிறார்கள். ஆள் நேரில் வருகிறார், சாவி கடைக்காரரிடமே இருக்கிறது, சம்பளத்துக்குப் பதில் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன; மாவட்டத் தொழில் மையமும் இருக்கிறது. தொழில் மையத்தில் ஒரு மேசை, கல்லூரியிலிருந்து முறை வைத்து வரும் மாணவர்கள், கூட ஓர் ஆசிரியர். இதற்குப் பெரிய நிதி தேவைப்படாது. வணிகர் சங்கங்கள் வாடகை, வரி பற்றிக் கொடுக்கும் மனுக்களில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்க்க வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்காமல் செய்துகொள்ளக் கூடிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஜிஎஸ்டி கணக்கின் ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது என்று இன்றைக்கே பாருங்கள். வேறொருவருடைய எண் என்றால், அவரிடமிருந்து பாஸ்வேர்டு கிடைக்காவிட்டாலும், கடை உங்களுடையதுதான் என்பதற்கான ஆவணங்களோடு உங்கள் எல்லைக்குரிய வரி அதிகாரியிடம் போய் உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் பதியச் செய்யலாம். இதற்குக் கட்டணம் கிடையாது.